மண்ணைக் காக்கும் வேலைக்கும் பேர் போட வேண்டும்



"நிலைபேறான விவசாயம்", "சுற்றாடல் பாதுகாப்பு" என்ற சொற்களை இப்போது தோட்டங்களிலும் அடிக்கடி கேட்கிறோம். தொழிற்சாலை வாசலில் பலகை தொங்குகிறது. தேயிலைப் பெட்டியில் பச்சை முத்திரை குத்துகிறார்கள். கொழும்பு ஹோட்டல்களில் கருத்தரங்குகள் நடக்கின்றன. இவற்றை நாம் எதிர்க்கவில்லை. இந்தத் தீவின் மண்ணும் நீரும் காடும் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இருக்கும் அக்கறை வேறு எவருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அந்த மேடைகளில் எழாத ஒரு கேள்வியை நாம் எழுப்ப வேண்டியிருக்கிறது. மலையகத்தின் மண் மழையில் கரைந்து போகாமல் இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பவர்கள் யார்?

கானில் இறங்கி மண்ணை வாரிப் போட்டவர்கள் நம் ஆண்கள். சரிவில் மானாப்புல் நட்டவர்கள் நம் பெண்கள். கல்லுக்கட்டு கட்டியவர்கள் நம் பாட்டன்மார். ஆனால் "சுற்றாடல் பாதுகாவலர்" என்று யாரும் நம்மைச் சொல்வதில்லை. இன்னும் மோசம் என்னவென்றால், இந்த வேலைகளே தோட்டங்களில் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகின்றன. மண்ணைக் காக்கும் வேலை ஒரு வேலையாக மதிக்கப்பட வேண்டும், அதற்கு முழுப்பேர் போட வேண்டும், அந்த மண்ணில் நமக்கு உரிமையும் வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

நம் மலையும் நாட்டின் தண்ணீரும்

இன்று தேயிலை நிற்கும் மலைகளில் ஒரு காலத்தில் அடர்ந்த காடு இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் அதை வெட்டிக் கோப்பி போட்டார்கள். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. சில வருடங்களில் கோப்பி அழிந்து அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. காடு போன சரிவில் கோப்பிக் காலத்திலேயே மேல்மண் பெருமளவு கழுவப்பட்டுவிட்டது. 5,000 அடிக்கு மேலே உள்ள அரச காட்டை வெட்டக் கூடாது என்று 1870களிலேயே அன்றைய ஆட்சி கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு, காடு போனால் தண்ணீரும் போகும் என்ற பயமே காரணம். சுதந்திரத்துக்குப் பின்னர் 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆகவே பிரச்சினை இன்று நேற்று தெரிந்ததல்ல.

ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான வருடங்கள் வேண்டும். அது போவதற்கு ஒரு மழைக்காலம் போதும். அப்படிப் போகும் மண் எங்கே சேர்கிறது? நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி 335 கிலோமீட்டர் ஓடுகிறது. அது பிறப்பது நம் மலைகளில். களனி கங்கையும் வளவை கங்கையும் இங்கிருந்துதான் இறங்குகின்றன. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கரைவரை தேயிலை நிற்கிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கட்டு நம் லயன்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று கீழே போகும் தண்ணீர்தான் மின்சாரமாகிறது, வடமத்திய மாகாணத்து வயலுக்கும் பாய்கிறது. நம் மலையிலிருந்து மண் இறங்கினால் அந்தத் தேக்கங்களில் வண்டல் சேரும், தண்ணீர் பிடிக்கும் இடம் குறையும். ஆகவே ஒரு தோட்டத்தில் கான் வெட்டாமல் விட்டால் அது அந்தத் தோட்டத்தின் உள்விவகாரம் மட்டுமல்ல. கொழும்பில் எரியும் விளக்குக்கும் பொலன்னறுவையில் விளையும் நெல்லுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கை செய்கிற பாதுகாப்பு

மண் பாதுகாப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுகிறோம். அந்தக் கானுக்குள் இடைக்கிடை குழியும் தடுப்பும் விட்டால் ஓடிவரும் தண்ணீர் அங்கே நின்று, மண்ணைக் குழியில் இறக்கிவிட்டு, மெதுவாக அடுத்த குழிக்குப் போகும். நிறைந்த மண்ணை அள்ளி மேற்பக்கத்துத் தேயிலைத் தூரில் போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சில மழைக்குள் கான் மூடிவிடும். பிறகு தண்ணீர் தானே வழி தேடிக்கொண்டு நிரைக்குள் பாயும். கான் வெட்டுவதைவிட, வெட்டிய கானைத் துப்புரவாக வைத்திருப்பதே பெரிய வேலை.

பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் முன்பு, அந்த மலையில் ஒன்றரை முதல் இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, வெட்டி வெட்டி மண்ணிலேயே போட வேண்டும். களைத்த மண் அப்போதுதான் உயிர்பெறும். 1925இல் தொடங்கப்பட்டு தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதைத் தான் பல காலமாகச் சொல்லி வருகிறது. சவுக்கும் முள்முருங்கையும் நிழல் தருவதோடு இலையை உதிர்த்து மண்ணுக்குப் போர்வையும் போடுகின்றன. முள்ளுக் குத்தினால் இறுகிய மண்ணுக்குள் தண்ணீரும் காற்றும் இறங்கும். கவ்வாத்து வெட்டிய மிலாரை மலையிலேயே பரப்பினால் வெயிலும் மழையும் மண்ணை நேராகத் தாக்காது.

இவற்றில் எதையும் இயந்திரம் செய்வதில்லை. எல்லாம் கைவேலை. அந்தக் கைகள் நம்முடையவை.

வேலை ஏன் குறைந்தது?

கம்பனிகளின் கணக்கில் கொழுந்துக்குக் கிலோ உண்டு. கானுக்குக் கிலோ இல்லை. கொழுந்து இன்றைக்கே பணமாகிறது. கான் வெட்டினால் பலன் பத்து வருடம் கழித்துத் தெரியும். செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் முதலில் வெட்டு விழுவது முள்ளுக்குத்துக்கும் கானுக்கும் புல்லுவெட்டுக்கும்தான். ஆட்கள் போதாது என்று காரணம் சொல்கிறார்கள். ஆனால் இந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்க முடியாது என்றுதானே இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள்?

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் 53 வருடக் குத்தகை எழுதப்பட்டது. வாடகை வீட்டுக்குப் புதுக் கூரை போட யாருக்கும் மனம் வராது என்பது நமக்குத் தெரியும். குத்தகை முடியும் வருடம் நெருங்க நெருங்க, வருடாவருடம் 2 சதவீத நிலத்திலாவது மறுநடுகை செய்ய வேண்டும் என்ற அளவுகோல் பல இடங்களில் காகிதத்தோடு நிற்கிறது. பாட்டன் காலத்துத் தேயிலையில் பேத்தி இன்னும் கொழுந்து பறிக்கிறாள். தூர் செத்த இடத்தில் வெற்றிடம். வெற்றிடத்தில் மழை நேராக மண்ணில் விழுகிறது.

மேலிடத்து முடிவுகள் நம்மிடம் கேட்காமல் எடுக்கப்படுவது இன்னொரு நோய். 2015இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடை செய்தார்கள். அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர்கள் நாம். நஞ்சு குறைவது நமக்கு நல்லதுதான். ஆனால் மருந்துக்குப் பதிலாகக் கையால் புல்லு வெட்டுவதற்குப் போதிய பேர் ஒதுக்கப்படவில்லை. மலைகள் காடேறின. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை நீக்கப்பட்டது.

அதைவிடப் பெரிய பாடம் 2021இல் கிடைத்தது. ஏப்ரலில் அறிவித்து, மே மாதம் வர்த்தமானி போட்டு, இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியில் நிறுத்தினார்கள். கொம்போஸ்ட் எங்கே, அதைச் செய்யப் போவது யார், மலை ஏற்றப் போவது யார் என்று எவரும் கேட்கவில்லை. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. பொருளாதார நெருக்கடியும் அதோடு சேர்ந்துகொண்டது. கொழுந்து குறைந்த மலையில் கிலோ எடுக்க முடியாமல் அரைப்பேர் வாங்கியவர்கள் அமைச்சர்களோ அதிகாரிகளோ அல்ல.

இதை வைத்து "இயற்கை விவசாயம் நடக்காத காரியம்" என்று சொல்வோரும் உண்டு. அதுவும் சரியல்ல. ஹப்புத்தளைப் பக்கம் 1980களிலேயே தொடங்கி இரசாயனமின்றித் தேயிலை செய்த தோட்டங்கள் இருக்கின்றன. லயனுக்குப் பின்னால் மாட்டெரு போட்டு கோவாவும் கரட்டும் லீக்ஸும் விளைவிக்கும் நம் குடும்பங்களுக்கும் மண்ணை எப்படித் தேற்றுவது என்று தெரியும். அதற்கு வருடங்கள் வேண்டும், எரு வேண்டும், ஆள் வேண்டும். வர்த்தமானியால் மட்டும் மண் தேறாது.

பச்சை முத்திரையை நாமும் வாசிப்போம்

பல தோட்டங்களின் தேயிலை ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ்களோடு வெளிநாடு போகிறது. பச்சைத் தவளைப் படம் போட்ட பலகையை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தச் சான்றிதழுக்கான விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் நம்மில் பலருக்குச் சொல்லப்படவில்லை.

மருந்தடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்து வேலைக்கு விடக் கூடாது. ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் மருந்து அடிக்காமல் இடம் விட வேண்டும். குடிக்கப் பாதுகாப்பான தண்ணீர் வேண்டும். தொழிலாளி பயமின்றி முறைப்பாடு செய்ய வழி வேண்டும். சங்கத்தில் சேரும் உரிமையில் கை வைக்கக் கூடாது. இவையெல்லாம் அந்த விதிகளில் இருக்கின்றன. தவளைக்கும் மரத்துக்கும் மட்டுமல்ல, தொழிலாளிக்கும் அதில் இடம் உண்டு.

ஆனால் பரிசோதகர் வரும் கிழமையில் மட்டும் புதுக் கையுறையும் பூட்ஸும் வெளியே வந்தால், அந்த முத்திரை வெறும் மையாகத்தான் இருக்கும். ஆகவே தோட்டக் கமிட்டிகள் ஒரு வேலை செய்ய வேண்டும். விதிகளின் தமிழ்ப் பிரதியை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பரிசோதகர் வரும் நாளை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். துரை தெரிவு செய்து அனுப்பும் ஆட்களோடு, தொழிலாளர் தாமே தெரிவு செய்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பரிசோதகரிடம் பேச வேண்டும் என்று வற்புறுத்துங்கள். வெளிநாட்டில் அந்தத் தேயிலைக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர் ஒரு நம்பிக்கையை வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் நாம்.

காடும் நாமும்

பீக் வில்டர்னஸ் என்ற சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றையும் சேர்த்து மத்திய மலைநாட்டை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அந்தக் காடுகளின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் நாம். சிறுத்தை நம் தேயிலைக்குள் வருகிறது, நம் நாய்களைத் தூக்கிப் போகிறது, சில சமயம் ஆட்களையும் தாக்குகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனது. பன்றிக்கு வைக்கும் கண்ணி பன்றிக்கென்று பார்த்துப் பிடிப்பதில்லை. கண்ணி வைப்பது சட்டப்படி குற்றமும்கூட. தோட்டத் தலைவர்கள் இதை இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அதே நேரம், மரக்கறிப் பாத்தியைப் பன்றி அழித்தால் நட்டத்துக்கு யார் பொறுப்பு என்று அரசைக் கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

குளவி விடயமும் இப்படித்தான். குளவி கொட்டி நம் பெண்கள் வைத்தியசாலைக்குப் போகாத மாதம் இல்லை. உயிரே போன குடும்பங்களும் உண்டு. கூட்டைக் கொளுத்துவது தீர்வல்ல. ஆனால் "அது இயற்கை" என்று கைவிரிப்பதும் தீர்வல்ல. காடேறிய தேயிலையில்தான் கூடும் பாம்பும் கண்ணில் படாமல் இருக்கின்றன. மலையை ஒழுங்காகத் துப்புரவு செய்து, கொழுந்துக்கு ஆள் இறக்கும் முன்பு கூடு இருக்கும் இடத்தைப் பார்த்து அடையாளம் வைத்தால் பல உயிர்கள் தப்பும். காட்டைக் காப்பதற்கும் தொழிலாளியைக் காப்பதற்கும் ஒரே வேலைதான் தேவைப்படுகிறது. அந்த வேலைக்கு ஆள் போடுவதில்லை என்பதே குறை.

விறகும் அப்படியே. மிலார் மலையிலேயே கிடந்தால் மண்ணுக்கு நல்லது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அடுப்பு எரிய வேண்டுமே? 2022இல் காஸ் கிடைக்காமல் நகரத்துக்காரர்களே விறகு தேடி அலைந்தார்களே! தோட்டத்தில் பயனில்லாமல் கிடக்கும் நிலத்தில் விறகுக்கென்று மரம் நட்டுக் கொடுத்தால், மிலாரும் மலையில் தங்கும், காட்டோரத்து மரமும் தப்பும்.

மண் சரியும்போது

மண் பாதுகாப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் கொஸ்லந்தை மீரியபெத்தையைச் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம்தான் இல்லை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவரிடம் "இங்கிருந்து போ" என்றால் அவர் எங்கே போவார்? மழையோடு வரும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பாடசாலைக் கட்டடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டு, வெயில் வந்ததும் அதே லயனுக்குத் திரும்புகிற வாழ்க்கை இன்னும் முடியவில்லை.

இங்கேதான் மண் பாதுகாப்பும் காணி உரிமையும் ஒன்றாகின்றன. இந்நாட்டுத் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேல் சிறுதோட்டக்காரர்களின் காணியிலிருந்து வருகிறது. அவர்களுக்குக் காணி இருக்கிறது, ஆலோசனை சொல்ல ஓர் அதிகாரசபை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையோடு வாழும் நமக்கு அது இல்லை. இப்போது பல கம்பனிகள் தேயிலையைப் பிரித்துக் குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பொறுப்புக் கொடுக்கின்றன. உரத்துக்கும் மருந்துக்கும் கழித்துக்கொண்டு கொழுந்துக்கு மட்டும் காசு. அந்தத் துண்டில் கான் வெட்டுவதும் புல் நடுவதும் தொழிலாளி தலையில். நாளை அந்தத் துண்டு தன்னிடம் இருக்குமா என்று தெரியாத ஒருவர், பத்து வருடம் கழித்துப் பலன் தரும் வேலையை இன்று எப்படிச் செய்வார்? அதோடு அவரைத் தொழிலாளி இல்லை என்று சொல்லி, சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்ட வேண்டிய 12 சதவீதத்தையும் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதத்தையும் நிறுத்தினால், அது நிலைபேறான விவசாயம் ஆகாது. சுமையை மட்டும் நம் தோளுக்கு மாற்றுகிற ஏற்பாடு அது.

நாம் கேட்பது

கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டும். செலவு அதிகம் என்பது பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மண் போன மலையில் எவ்வளவு உரம் கொட்டினாலும் கொழுந்து வராது என்பதும் அதே கணக்கில் சேர வேண்டும். இன்று கானுக்கு மிச்சம் பிடிக்கும் காசை நாளை உரத்துக்கும் சரிந்த பாதைக்கும் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டி வரும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. கான், முள்ளுக்குத்து, புல் நடுகை, நிழல்மரம் ஆகிய வேலைகளுக்கு ஒவ்வொரு மலைக்கும் வருடத் திட்டம் போட்டு, கிலோக் கணக்கு இல்லாமல் முழுப்பேர் போட வேண்டும். சான்றிதழ்க் குழுக்களில் தொழிலாளர் தெரிவு செய்தவர்கள் இருக்க வேண்டும். கொழுந்து மலைகளில் குளவிக் கூடு பார்ப்பது தினசரி வேலையாக வேண்டும். கொட்டுப்பட்டவருக்குத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் உரியது தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். மண்சரிவு அறிக்கைகளைத் தமிழில் பிரட்டுக்களத்தில் வாசித்து, ஆபத்து என்று குறித்த லயன்களை முதலில் மாற்ற வேண்டும். செடி பிரித்துக் கொடுக்கும் இடங்களில் எழுத்து மூலமான நீண்டகால உரிமையும், சேமலாப நிதியும், சிறுதோட்டக்காரருக்குள்ள சலுகையும் வேண்டும். வீட்டுக்கென்று தரும் காணிக்கு உறுதிப் பத்திரம் வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு கொப்பியைக் கொண்டு போங்கள். உங்கள் தோட்டத்தில் எந்த மலையில் கான் மூடிக் கிடக்கிறது, எந்த மலை வெறுமையாகக் கிடக்கிறது, எங்கே தண்ணீர் லயன் பக்கம் திரும்புகிறது, எங்கே நிலத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று மலை நம்பரோடு எழுதுங்கள். மாதர் சங்கத் தலைவிகளைக் கேளுங்கள். தினமும் நிரை நிரையாக நடப்பவர்களுக்குத் துரையைவிட அந்த மலை தெரியும். அந்தக் கொப்பியின் ஒரு பிரதியை நிர்வாகத்துக்கும் இன்னொன்றைச் சங்கக் காரியாலயத்துக்கும் கொடுங்கள். சம்பளப் பேச்சுக்குப் போகும்போது கிலோக் கணக்கோடு மண் கணக்கையும் மேசையில் வைப்போம்.